ஆறாத புண்: மரக் கவாத்தில் வெட்டும் பூச்சும் பற்றிய கருத்துகளின் வரலாறு (1791 – 1995)

முன்னுரை

வீட்டுத் தோட்டத்திலோ தெருவோரத்திலோ நிற்கும் மரத்தின் கிளையொன்றை அறுக்க முற்படுவோர் இரண்டு வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். எந்த இடத்தில் அறுப்பது? அறுத்த முகத்தின்மீது எதையேனும் பூசுவதா, வேண்டாவா? ஐரோப்பிய, அமெரிக்கத் தோட்டக்கலையில் நெடுங்காலம் பெரும்பான்மையோர் தந்த விடை, தண்டோடு ஒட்ட அறுத்து, வெட்டுவாயை மூடிவிட வேண்டும் என்பதாகும். 1970களுக்குப் பின் இவ்விடையின் இரு பகுதிகளும் கைவிடப்பட்டன. பிழையான ஒரு முறை இவ்வளவு காலம் நிலைத்தது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அறியாமை ஒரு காரணமே. எதனை வெற்றியின் அளவுகோலாகக் கொண்டனர் என்பதே அதனினும் முதன்மையான காரணம் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

ஃபோர்சைத்தின் களிம்பு

இங்கிலாந்து மன்னரின் கென்சிங்டன் தோட்டப் பொறுப்பாளராக இருந்த வில்லியம் ஃபோர்சைத் (1737–1804), பழமரங்களிலும் காட்டுமரங்களிலும் தோன்றும் நோய்கள், குறைகள், காயங்கள் ஆகியவை பற்றிய தம் நூலை 1791இல் வெளியிட்டார். அதில் அவர் அறிவித்த களிம்பின் சேர்மானம் எளியது: புதிய மாட்டுச் சாணம் ஒரு பங்கு, பழைய கட்டடங்களை இடித்தெடுத்த சுண்ணாம்புக் காரை அரைப் பங்கு, மரச்சாம்பல் அரைப் பங்கு, சிறிது ஆற்று மணல். அழுகிய பகுதியை நல்ல மரம் தெரியும்வரை செதுக்கி எடுத்துவிட்டு, இக்கலவையைப் பூசி, மேலே மரச்சாம்பலும் எலும்புச் சாம்பலும் கலந்த பொடியைத் தூவுவது அவர் முறை.

தமிழக வாசகருக்கு இதில் வியப்பு ஏதும் இராது. முருங்கைப் போத்தை நட்டபின் அதன் மேல்நுனியில் சாணியை அப்புவது இன்றும் காணும் வழக்கமே. வெட்டுமுனை காய்ந்துபோகாமல் காப்பது அதன் நோக்கம். ஃபோர்சைத் உரிமை கொண்டாடியதோ இதனினும் மிகப் பெரிது. உள்ளீடற்றுப்போன மரமும் தம் களிம்பால் மீண்டும் நிறைந்து உறுதிபெறும் என்றார். கடற்படைக்கு ஓக் மரம் இன்றியமையாதிருந்த காலம் அது. ஆகவே இச்செய்தி நாடாளுமன்றம்வரை சென்றது, அரசின் பணப்பரிசும் அவருக்குக் கிட்டியது. தாவர உடலியல் அறிஞர் தாமஸ் ஆண்ட்ரூ நைட் 1802இல் இக்களிம்பின் பயனை ஐயுற்று எழுதினார். செத்த மரத்திசு மீண்டும் உயிர்பெறாது என்பதே மறுப்பின் சாரம். இன்றைய நோக்கில் நைட்டின் பக்கமே உண்மை இருந்தது. ஆயினும் செதுக்கிப் பூசும் பழக்கம் அழியவில்லை.

தாரும் ஒட்ட வெட்டும்

பிரான்சின் தெ கார் பிரபு 1860களில் வெளியிட்ட கவாத்து நூல் இப்பழக்கத்திற்கு ஒரு முறைமையைத் தந்தது. காயம் எவ்வளவு பெரிதாயினும் கிளையைத் தண்டின் பரப்போடு சமமாக அறுக்க வேண்டும், வெட்டுவாய்க்கு நிலக்கரித் தார் பூச வேண்டும் என்பன அவர் வகுத்த விதிகள். ஹார்வர்டின் அர்னால்டு மரப்பூங்காவை நிறுவி நடத்திய சார்லஸ் ஸ்ப்ரேக் சார்ஜென்ட் இந்நூலை மொழிபெயர்த்து 1881இல் பாஸ்டனில் வெளியிட்டார். இதன்வழி இவ்விதிகள் அமெரிக்கா சென்றன.

தெ கார் வெறுங்கற்பனையில் பேசியவர் அல்லர். முனை விட்டு அறுத்த கிளைக்கட்டை பட்டுப்போய், அதன் வழியே அழுகல் தண்டுக்குள் இறங்குவதைக் காட்டுக்காரர் யாவரும் கண்டிருந்தனர். ஒட்ட அறுத்த இடத்திலோ காயத்தின் இருபுறமும் புதுத்திசு தடித்த உதடுபோல் விரைந்து எழுந்தது. புறத்தே தெரிந்த இந்த எழுச்சியே மரம் நலம் பெற்றதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஒட்ட வெட்டினால் காயம் பெரிதாகிறது, தண்டின் வளர்திசுவே வெட்டுப்பட்டுத் தூண்டப்படுகிறது, அதனால்தான் உதடு தடிக்கிறது என்று எவரும் எண்ணவில்லை. மூடிய தோலுக்குப் பின்னால் நிகழ்வதைக் காண மரத்தைப் பிளந்திருக்க வேண்டும். பிழைக்க வேண்டும் என்று பராமரிக்கும் மரத்தை யார் பிளப்பார்?

அதே காலத்தில் ஜெர்மனியில் ராபர்ட் ஹார்ட்டிக் 1870களில் மர அழுகலுக்குப் பூஞ்சையே காரணம் என நிறுவினார். இக்கண்டுபிடிப்பு எதிர்பாராத விளைவொன்றைத் தந்தது. பூஞ்சை காயத்தின் வழியே நுழைகிறது எனில் காயத்தை அடைத்துவிடுவதே தீர்வு என்ற முடிவு இயல்பாகத் தோன்றியது. புதிய அறிவியல் பழைய பூச்சுக்குப் புதிய நியாயம் வழங்கியது.

மர மருத்துவர்

இக்கருத்துகளை வீட்டுத் தோட்டங்களுக்கான தொழிலாக்கியவர் ஜான் டேவி (1846–1923). இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பிறந்து, 1873இல் அமெரிக்கா சென்று, ஒகையோ மாநிலத்தின் கென்ட் நகரில் கல்லறைத் தோட்டத்தைப் பராமரித்தவர். ‘மர மருத்துவர்’ என்ற பொருளுடைய அவருடைய நூல் 1901இல் வெளிவந்தது. நிழல்மரங்களின் தலையை மொட்டையடிக்கும் வழக்கத்தை அதில் அவர் கடுமையாகக் கண்டித்தார். இக்கண்டனம் இன்றும் செல்லுபடியாகும் ஒன்று. அவருடைய நிறுவனம் 1909இல் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. பிரான்சிஸ் பார்ட்லெட் 1907இல் தொடங்கிய நிறுவனமும் இத்துறையில் வளர்ந்தது. 1924இல் துறையாளரின் மாநாடு உருவாயிற்று. இன்றைய பன்னாட்டு மரவளர்ப்புக் கழகம் அதன் வழிவந்ததே.

‘மருத்துவர்’, ‘அறுவை’ என்னும் சொற்கள் இத்தொழிலுக்கு மதிப்பைத் தந்தன, அதன் கைவேலையையும் அவையே வடிவமைத்தன. பல் மருத்துவர் சொத்தையைச் சுரண்டி அடைப்பதுபோல், மரப்பொந்து நல்ல மரம் வரை சுரண்டப்பட்டு, இரும்புக் கம்பி கோத்துச் சிமென்டால் நிரப்பப்பட்டது. நீர் வடிவதற்குத் துளைகள் இடப்பட்டன. வீட்டு உரிமையாளர் பணம் கொடுத்தார், பணத்துக்கு ஈடாகக் கண்ணுக்குத் தெரியும் வேலை நடந்தது. கரிய பூச்சும் வழவழப்பான சிமென்டும் சிகிச்சை முடிந்ததற்கான முத்திரைகளாயின. பூச்சே தேவையில்லை என்று சொல்லும் தொழிலாளியைக் காட்டிலும் பூசிவிட்டுப் போகிறவரையே வாடிக்கையாளர் நம்பினார் எனக் கருத இடமுண்டு.

நெடுக்காகப் பிளந்த தண்டு

அலெக்ஸ் ஷைகோ (1930–2006) 1959இல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்து, நியூ ஹாம்ப்ஷயரில் ஆய்வுகளைத் தொடங்கினார். ஒருவரே தூக்கிக் கையாளத்தக்க விசைவாள் அப்போது பரவலாகியிருந்தது. முந்தைய ஆய்வாளர் பெரும்பாலும் தண்டைக் குறுக்காக வெட்டிப் பார்த்தனர். ஷைகோ காயத்தின் ஊடாக நெடுக்கில் பிளந்தார். அவ்வாறு பிளந்த மரங்கள் ஆயிரக்கணக்கானவை. நிறம் மாறிய மரப்பகுதி கண்டபடி பரவாமல் ஓர் எல்லைக்குள் நிற்பதையும், அதன் குறுக்களவு காயம்பட்ட நாளில் அம்மரத்துக்கு இருந்த குறுக்களவை ஒத்திருப்பதையும் அவர் கண்டார். காயத்துக்குப் பின் வளர்ந்த வளையங்கள் தூய்மையாக இருந்தன.

ஷைகோவும் ஹரால்ட் மார்க்ஸும் 1977இல் வெளியிட்ட அறிக்கை இதனை நான்கு சுவர்களாக விளக்கியது. நீர்க்குழல்கள் அடைபட்டு மேலும் கீழுமான பரவலைத் தடுப்பது முதற்சுவர். ஆண்டு வளையத்தின் அடர்ந்த பகுதி உள்நோக்கிய பரவலைத் தடுப்பது இரண்டாவது. ஆரத்திசுக்கள் பக்கவாட்டில் தடுப்பது மூன்றாவது. காயத்திற்குப் பின் வளர்திசு புதிதாக எழுப்புவது நான்காவது சுவர், நான்கில் வலியது அதுவே. விலங்கின் உடல் சிதைந்த திசுவைப் பழுதுபார்த்து மீட்கிறது. மரம் அதனை மீட்பதில்லை, சிறைவைத்து அதன்மேல் புதிதாக வளர்கிறது. இப்பொருளில் மரத்தின் புண் ஆறுவதே இல்லை.

அதே ஆண்டில் ஷைகோவும் வில்சனும் செம்மேப்பிள், அமெரிக்க எல்ம் மரங்களில் ஐந்தாண்டுகள் நடந்த சோதனையின் முடிவை வெளியிட்டனர். பூசிய காயங்களில் அழுகல் குறையவில்லை. பூச்சுக்குப் பூச்சு இருந்த வேறுபாட்டைவிட மரத்துக்கு மரம் இருந்த வேறுபாடே பெரிதாகத் தெரிந்தது. பொந்து சுரண்டலின் கதியும் இதனால் தெளிவாயிற்று: நல்ல மரம் வரை சுரண்டுவது மரம் எழுப்பிய சுவரையே உடைப்பதாகும்.

ஒட்ட வெட்டும் இவ்வாறே வீழ்ந்தது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் புடைத்துள்ள பகுதி தண்டுக்கு உரியது, அழுகலைத் தடுக்கும் காப்பு கிளையின் அடியில் அதனுள்ளேதான் அமைகிறது. ஒட்ட அறுப்பது அக்காப்பை வாரி எறிவதாகும். ஆகவே புடைப்பைத் தொடாமல் அதன் வெளிவிளிம்பில் அறுக்க வேண்டும். பெரிய கிளையாயின், சற்றுத் தள்ளி அடியிலிருந்து முதலில் ஒரு வெட்டு, அதற்கு வெளியே மேலிருந்து மற்றொன்று, எஞ்சிய கட்டையை நீக்க மூன்றாவது. பட்டை உரிந்து தண்டில் இறங்காதிருக்கவே இவ்வரிசை. 1986இல் வந்த ஷைகோவின் பெருநூல் இவற்றைத் தொகுத்தது. 1995இல் வெளிவந்த அமெரிக்கத் தேசியக் கவாத்துத் தரநெறி இம்முறையைத் தொழில்விதியாக ஆக்கியது.

மாற்றுக்கருத்துகள்

ஷைகோவின் விளக்கம் மறுப்பின்றி ஏற்கப்பட்டதாகக் கொள்ளலாகாது. பிரித்தானிய ஆய்வாளர் பாடியும் ரேனரும் 1983இல், உயிருள்ள மரத்தில் பூஞ்சையைத் தடுப்பது முதன்மையாக நீர் நிறைந்து காற்றில்லாத நிலையே என வாதிட்டனர். அவர்கள் கருத்துப்படி சுவர்கள் நீரோட்டத்தைக் காக்க எழுந்தவை, பூஞ்சையைத் தடுப்பது அதன் உடன்விளைவு. ஜெர்மானிய ஆய்வாளர் லீசேயும் துயேசீஃப்கெனும், அடைக்கப்படுவது அழுகல் மட்டுமன்று, சேதம் முழுவதுமே எனப் பெயரைத் திருத்தினர். இவ்விவாதம் விளக்கத்தைப் பற்றியதே. வெட்டும் இடத்தையும் பூச்சின் பயனின்மையையும் இவர்களும் மறுக்கவில்லை.

பூச்சுக்கு ஒரு விலக்கு மட்டும் எஞ்சியுள்ளது. ஓக் வாடல் நோய் பரவியுள்ள டெக்சாஸ் பகுதியில், ஓக் மரத்தை வெட்டிய உடனேயே வெட்டுவாயில் வண்ணம் பூசுமாறு இன்றும் அறிவுறுத்தப்படுகிறது. புதுக்காயத்தின் மணத்தை நாடி வரும் சிறு வண்டுகள் நோய்ப்பூஞ்சையைச் சுமந்து வருகின்றன. சில நாள்கள் அவ்வண்டுகள் அண்டாதிருந்தால் போதும். அதற்குமேல் அவ்வண்ணத்திடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.