பத்தடியில் நிறுத்தி வைத்த லென்ஸ்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் (கல்யாண வீடுகளில் படமெடுப்பவர்) ஒரு புகைப்படத்தை அனுப்பி, "இதெல்லாம் நமக்கு வராது சார், பிறவி வேகம்" என்று எழுதியிருந்தார். 1932-ல் பாரிஸில் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் எடுத்த படம் அது. சான் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கிறார் ஒரு மனிதர். குதிகால் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. நல்ல படம்தான். ஆனால் "பிறவி வேகம்" என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு.

ஒரு மனிதர் குதித்து இறங்க அரை நொடி ஆகுமா? அந்த அரை நொடிக்குள் லென்ஸ் வளையத்தைத் திருப்பி, உருவத்தைத் தெளிவாக்கி, பொத்தானையும் அழுத்த யாராலும் முடியாது. அந்த வேலை முன்பே முடிந்திருக்க வேண்டும். இதைச் சாத்தியமாக்கியது ஆளின் வேகம் இல்லை, கேமராவின் அளவு.

முதலில் இருந்தவை பெரிய தட்டுக் கேமராக்கள். தலையில் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, பின்பக்கத் தேய்த்த கண்ணாடியில் விழும் தலைகீழ் பிம்பத்தைப் பார்த்துத் தெளிவாக்கி, பிறகு தட்டைச் செருகி எடுப்பார்கள். தெருவில் நடப்பவர் அதுவரை நிற்பாரா?

ஜெர்மனியில் வெட்ஸ்லார் ஊரில் நுண்ணோக்கி செய்த லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பார்னாக் என்ற இயந்திர வல்லுநர் இருந்தார். ஆஸ்துமா நோயாளி. பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாது. சினிமா பிலிமில் 24க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படமெடுக்கும் சிறு பெட்டியை 1914 வாக்கில் செய்து பார்த்தார். நடுவில் போர் வந்தது. 1925-ல் லைப்சிக் சந்தையில்தான் அது 'லைக்கா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இப்போது கொஞ்சம் பத்தாம் வகுப்புக் குவிலென்ஸ் பாடம், தப்பிக்க வழியில்லை! படம் சிறியதென்றால் அதற்கு வேண்டிய லென்ஸின் குவியத் தூரமும் சிறியது. 9க்கு 12 சென்டிமீட்டர் தட்டுக்கு 15 சென்டிமீட்டர் லென்ஸ் வேண்டும், லைக்காவுக்கு 5 சென்டிமீட்டர் போதும். இரண்டையும் 3 மீட்டருக்கு, அதாவது சுமார் பத்தடிக்கு, நிறுத்தி, துவாரத்தை எஃப் 11-ல் வையுங்கள். தட்டுக் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். லைக்காவிலோ இரண்டு மீட்டரில் தொடங்கி ஐந்து மீட்டர் வரை எல்லாமே தெளிவு. பத்தடி என்று நினைத்தது பன்னிரண்டடியாக இருந்தாலும் படம் கெடாது.

அதனால்தான் அந்த முதல் லைக்காவில் தூரமானி உள்ளேயே இல்லை. தனியாக வாங்கி மேலே மாட்டிக்கொள்ளலாம், அல்லது கண்ணால் அளந்து வளையத்தில் உள்ள மீட்டர் எண்ணுக்குத் திருப்பலாம். லென்ஸோடு இணைந்த தூரமானி 1932-ல் வந்த இரண்டாம் லைக்காவில்தான். அது வந்த பிறகும் தெருவில் படமெடுத்தவர்கள் பழைய வழக்கத்தை விடவில்லை. தூரத்தையும் துவாரத்தையும் வைத்துவிட்டு நடப்பார்கள். பல லென்ஸ்களில் வளையத்தின் கீழே ஒரு சிறு பிடி இருக்கும். அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று விரலால் தடவினாலே தூரம் தெரிந்துவிடும். பத்தடி வேண்டுமென்றால் வளையம் நகராது, கால்தான் நகரும்.

இதை நாம் மறந்துபோனதற்கு ஒரு புத்தகத் தலைப்பும் காரணம் என்பது என் எண்ணம். கார்த்தியே பிரெஸ்ஸோனின் புத்தகம் 1952-ல் வந்தது. பிரெஞ்சுத் தலைப்பின் பொருள் ஏறக்குறைய 'சட்டென்று, கண்ணில் படாமல் எடுத்த படங்கள்'. ஆங்கிலப் பதிப்புக்கோ 'தீர்மானமான தருணம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து எல்லோரும் தருணத்தைப் பற்றியே பேசினார்கள், தூரத்தைப் பேச ஆளில்லை. (இவர் நம் பக்கமும் வந்தவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரைப் படமெடுத்தார்.)

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு, வெளிச்சம். துவாரத்தைச் சுருக்கினால்தான் ஆழம் கிடைக்கும், சுருக்கினால் ஒளி குறையும். அந்தக் காலத்துப் பிலிம்கள் ஒளியை மெதுவாகத்தான் வாங்கும். மேகமூட்டமான நாளில் துவாரத்தைத் திறந்தே ஆகவேண்டும், தூரக் கணக்கு கொஞ்சம் தவறினாலும் படம் மங்கல். 1954-ல் கோடக்கின் வேகமான டிரை-எக்ஸ் பிலிம் 35 மில்லிமீட்டரில் வந்ததும் நிலைமை மாறியது. நியூயார்க் தெருக்களில் கேரி வினோகிராண்ட் 28 மில்லிமீட்டர் லென்ஸோடு கூட்டத்துக்குள் அவ்வளவு நெருங்கி எடுத்ததற்கு இந்தப் பிலிமும் ஒரு காரணம். 1984-ல் அவர் இறந்தபோது கழுவப்படாத சுருள்களே சுமார் 2,500 இருந்தன. பிறவி வேகம் என்பவர்கள் அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

நம் வீடுகளிலும் இந்த முறை இருந்தது, பெயர்தான் தெரியாது. அக்ஃபா கிளிக் கேமராவை நினைவிருக்கிறதா? சுருளுக்குப் பன்னிரண்டு படம். அதில் திருப்ப வளையமே கிடையாது, தொழிற்சாலையிலேயே தூரத்தை நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். ரொம்பக் கிட்டே போய் எடுத்த குழந்தைப் படங்கள் மங்கலாக இருப்பது அதனால்தான். கேமரா தானே தூரம் கண்டுபிடிக்கும் காலம் 1977-ல் கொனிகாவோடு தொடங்கியது. நாமும் அடிக்கணக்கை மறந்தோம்.

அந்த மாணவருக்கு நான் சொன்னது இதுதான்: ஒரு வாரம் கேமராவை எடுக்காதே. தெருவில் ஒரு கம்பத்தைப் பார், எத்தனை அடி என்று சொல், பிறகு நடந்து எண்ணு. மூன்றாம் நாள் அனுப்பிய செய்தியில், பத்தடி மட்டும் பிடிபட்டுவிட்டதாம், பதினைந்து இன்னும் தப்புகிறதாம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேமரா இருந்தால் லென்ஸ் வளையத்தில் என்னென்ன எண்கள் இருக்கின்றன என்று படமெடுத்துக் கீழே போடுங்கள். எப்படிப் படிப்பது என்று சொல்லித் தருகிறேன்.