ஒலிவ் மரம் இல்லாத ஸைத்தூன்

எங்கட வேலியில நிக்கிற முள்முருக்கு சீனாவில ஒரு நகரத்துக்கே பெயர் குடுத்தது என்று சொன்னால் அம்மம்மா நம்பமாட்டா. அவவுக்கு அது ஆட்டுக்குக் குழை, கலியாணத்துக்குக் கன்னிக்கால். ஆனால் தென்சீனக் கரையில் இருக்கும் சுவான்சோவை ஒரு காலத்தில் ‘சிதோங்’ நகரம் என்றுதான் அழைத்தார்கள். சிதோங் என்றால் முள்முருக்கு. 10ஆம் நூற்றாண்டில் நகரைச் சுற்றி அந்த மரங்களை நட்டதால் வந்த பெயர். அரபு வணிகர்களின் வாயில் அது ‘ஸைத்தூன்’ ஆனது. அரபில் ஸைத்தூன் என்றால் ஒலிவ்.

1340களின் நடுப்பகுதியில் அங்கே போய் இறங்கிய மொரோக்கோக்காரர் இபன் பதூதா இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். பெயர்தான் ஸைத்தூன், ஊரில் ஒலிவ் மரமே இல்லை!

இபன் பதூதா எங்களுக்குப் புது ஆள் இல்லை. 1344இல் இலங்கைக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவருடைய முத்துகளைப் பார்த்து, சிவனொளிபாதமலை ஏறியவர். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அவருடைய கதை அந்த மலையோடு முடிஞ்சுபோகும். அதுக்குப் பிறகு அவர் எங்க போனார் என்று நான் தேடினது கம்பஸ் வந்த பிறகுதான்.

ஸைத்தூன் துறைமுகம் உலகத்திலேயே மிகப் பெரிய துறைமுகமாக இருக்கலாம் என்று அவர் நினைத்தார். பெரிய கப்பல்கள் மட்டும் நூறளவில் நின்றதாகவும், சிறியவற்றுக்குக் கணக்கே இல்லை என்றும் நினைவுகூர்கிறார். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த முகமும் இருந்தது. இந்தியாவுக்கு வந்த புதிதில் அவருக்குக் கடன் கொடுத்த தப்ரீஸ் வணிகர் ஒருவரை அங்கே திரும்பக் காண்கிறார்.

இருந்தும் சீனா அவருக்குப் பிடிக்கவில்லை. நாடு அழகுதான், ஆனால் வெளியே போனாலே மனசுக்கு ஒவ்வாத காட்சிகள் என்று பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தாராம். முஸ்லிம்களைக் கண்டால் மட்டும் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்ததாம். எத்தனையோ ஆயிரம் மைல் பயணம் செய்த மனுசன், அங்க போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறார். ஊர் திரும்பி, 1355இல் இந்த நினைவுகளைச் சொல்லி எழுதுவித்தபோது, அந்தக் கதவுக்கு வெளியே இருந்த பலதும் அதில் வரவில்லை.

வராதவர்களில் தமிழரும் உண்டு. அவர் வருவதற்கு ஏறத்தாழ 65 வருடங்களுக்கு முன், 1281இல், மங்கோலியக் கானின் நலனுக்காக அங்கே ஒரு சிவன் கோயிலில் தெய்வத்தை எழுந்தருளச் செய்ததாக ஒரு தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. கடைசியில் சீன எழுத்தும் இருக்கிறது. கையுவான் பௌத்த கோயிலின் பின்பக்கத்தில், கண்ணன் கதைகள் செதுக்கிய இரண்டு கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன.

இபன் பதூதா போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குள் நகரம் கலவரத்தில் எரிந்தது. 1357 முதல் 1366 வரை நீடித்த அந்தச் சண்டையின் முடிவில் வெளிநாட்டார் பலர் கொல்லப்பட்டார்கள், மிஞ்சினவர்கள் ஓடினார்கள். பிறகு மிங் அரசு கடல் வணிகத்தைத் தடைசெய்தது. துறைமுகமும் மண் மூடியது. கோயில்கள், கல்லறைகளின் கற்கள் நகர மதிலுக்குள் போயின. 1974இல் அந்தக் கரைச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த பழைய கப்பலில் மிளகும் பாக்கும் வாசனை மரங்களும் இருந்தன. இன்று கப்பல் வணிகத்தில் பெயர்பெற்ற ஊர் பக்கத்துச் சியாமென்தான். சுவான்சோவின் பழைய நகரத்தை 2021இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது.

ஒண்டை ஒத்துக்கொள்ளவேணும். இந்த ஊரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினபோது நானும் தேடினது தமிழ்க் கல்வெட்டை மட்டும்தான். அதைக் கண்டதும் சொந்தக்காரரைக் கண்ட சந்தோசம். அங்கே 1009இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது, கிறிஸ்தவர்களின் சிலுவை செதுக்கிய கற்கள் இருக்கின்றன. அதெல்லாத்தையும் தாண்டிப் போய்விட்டேன். இபன் பதூதாவைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்குது?

சுவான்சோவுக்கு அருகே சேதியன் என்ற கிராமத்தில் ஒரு சிறு கோயில் இருக்கிறது. அங்குள்ள சிலை நான்கு கைகளோடு, காலடியில் அசுரனோடு இருக்கும் எங்கட அம்மனின் சாயல். ஊர்ச்சனம் அதைக் குவான்யின் என்று கும்பிடுகினம். யார் செதுக்கினது என்று கேட்டுவிட்டு அவர்கள் ஊதுபத்தி கொளுத்துறேல்லை. வெளியிலிருந்து வந்த சிலைக்கு, சொந்தமா வேற்றா என்று பார்க்காமல், அவர்கள் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.