தரங்கம்பாடி நண்டும் பரம்பரையலகுச் சான்றும்

அம்பாறைக் கரையிலுள்ள ஒலுவில் துறைமுகம் டென்மார்க்கு நாட்டுக் கடனுதவி கொண்டு கட்டப்பெற்று, 2013ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் திறந்துவைக்கப்பெற்றது. மணல் தூர்ந்து அதன் வாய் அடைபட்டதும், அயற்கரையைக் கடல் அரித்ததும் துயரக் கதை. அது வேறோர் ஆராய்ச்சிக்குரியது. டென்மார்க்கினர் ஈழத்தின் கீழ்க்கரையை நாடியது அதுவே முதன்முறையன்று. 1620இல் ஓவே கியத்தே என்பான் தலைமையில் வந்தோர் கண்டியரசனோடு உடன்படிக்கை பேசித் திருகோணமலையில் நிலைகொள்ள முயன்றனர். அது கைகூடவில்லை. அவ்வாண்டிலேயே தஞ்சை நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றனர். 1845இல் அதனை ஆங்கிலேயருக்கு விற்றனர்.

அங்கே அவர் விட்டுச்சென்ற கோட்டையை யாவரும் அறிவர். ஒரு நண்டின் பெயரையும் விட்டுச்சென்றனர் என்பதை அறிவோர் சிலரே. தரங்கம்பாடியிற் பணிபுரிந்த தால்டோர்ப் என்னும் படையலுவலர் உயிரினங்களைத் திரட்டுவதில் வேட்கை மிக்கவர். (பனைமரத்தில் ஏறிய கெண்டைமீனை 1791இற் கண்டதாக எழுதி ஐரோப்பியரை வியப்பில் ஆழ்த்தியவரும் இவரே.) அக்காலத்தில், லின்னேயசின் மாணாக்கரான பபிரீசியஸ் 1798இல் வெளியிட்ட நூலிலே சேற்றுநண்டு ஒன்றுக்குத் தரங்கம்பாடியின் பெயரையே இட்டார். இன்று அது சில்லா திராங்குபாரிக்கா எனப்படும். அதற்கு முன்னரே செங்கடற் பகுதியின் நண்டொன்றைப் போர்ஸ்கால் ஆராய்ந்திருந்தார். அவர் இறந்தபின் 1775இல் வெளிவந்த நூலில் அது செராற்றா எனப் பெயர் பெற்றது.

இவை ஓரினமோ, பலவோ? பிலிப்பைன் அறிஞர் எஸ்தம்படோர் 1949இல் மூன்று இனங்களும் ஒரு வகையும் உள என்றார். 1960இல் அவுஸ்திரேலிய அறிஞர் இருவர் யாவும் செராற்றா என்னும் ஓரினமே என்றனர். நிறமும் முள்ளும் வாழிடத்திற்கேற்ப வேறுபடக்கூடியன. ஆதலின் ஓட்டைப் பார்த்து வழக்குத் தீர்த்தல் அரிதாயிற்று.

பரம்பரையலகே இதற்குச் சாட்சியாயிற்று. உயிரணுவின் மைற்றோகொண்டிரியாவிலுள்ள டி.என்.ஏ. தாய்வழியே வருவது. தலைமுறைதோறும் அதிற் சிறுசிறு மாற்றங்கள் சேர்கின்றன. ஓரினத்துள் வேறுபாடு சிறிதாகும். நெடுங்காலம் முன் பிரிந்த இனங்களிடையே பெரிதாகும். கீனன், டேவி, மான் ஆகிய மூவர் இவ்வகைச் சான்றையும் நொதியங்களின் வேறுபாட்டையும் ஒருங்கே ஆராய்ந்து, சேற்றுநண்டுகள் நான்கு இனங்கள் என 1998இல் நிறுவினர். அருகருகே வாழுமிடத்தும் அவை தம்முட் கலந்து ஓரினமாகவில்லை என்பதே இம்முடிவின் வலிமை. அந்நான்கனுள் ஒலிவேசியா என்பது கூர்ப்புக் கிளையில் ஏனைய மூன்றினின்றும் விலகி நிற்பது.

இந்திய நீர்களிற் பெரியதொன்றும் சிறியதொன்றுமாக இருவகை நண்டுகள் உளவென்பதை ஆய்வாளர் முன்னரே கண்டிருந்தனர். பெரியதைத் திராங்குபாரிக்கா என்றும் சிறியதைச் செராற்றா என்றும் பல்லாண்டுகள் எழுதிவந்தனர். 2014இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று பரம்பரையலகு கொண்டு சோதித்தது. பெரியதே செராற்றா, சிறியது ஒலிவேசியா. ஆராய்ந்த நண்டுகளுள் தரங்கம்பாடியின் பெயர் தாங்கிய இனம் ஒன்றேனும் அகப்படவில்லை!

இதனைப் பெயர்ப் பூசல் என்று தள்ளிவிடலாகாது. செராற்றா எத்துணைப் பருமனிற் சினைகொள்ளும் என்று பழைய இந்தியக் கட்டுரைகள் தரும் அளவு, பெரும்பாலும் ஒலிவேசியாவின் அளவேயாகும். அவ்வளவை நம்பிப் பெரிய நண்டுக்குப் பிடிப்பெல்லை விதித்தால், முதிராத நண்டுகள் பையில் வீழும். குஞ்சு வாங்கி வளர்ப்போனும் பெரிதாகுமென்று எதிர்பார்த்துச் சிறியதை வளர்த்து முதலிழப்பான். மட்டக்களப்பு வாவி முதலாய கீழ்க்கரை நீர்நிலைகளை நம்பி வாழ்வோரைக் கருதும் எவரும், பழைய அட்டவணையொன்றை எடுத்தாளுமுன் அது எந்நண்டினது என்று வினவுதல் வேண்டும். இடுக்கிக்காலின் மணிக்கட்டுப்புறத்து முள்ளும் நெற்றிப்பற்களின் உயரமும் ஓரளவு துணைசெய்யும். ஐயுற்றவிடத்துக் காலின் ஒரு துண்டுத் தசையே டி.என்.ஏ. சோதனைக்குப் போதும்.

பெயரையோ மாற்றுதற்கில்லை. முதலில் இட்ட பெயரே நிலைபெறும் என்பது விலங்கியலார் விதி. ஆகவே பிலிப்பைன் கரையிற் பிடிபடும் திராங்குபாரிக்கா இன்றும் சோழநாட்டுத் துறையொன்றின் பெயராலேயே அழைக்கப்பெறுகின்றது.