கழங்கு ஆடிய கைகள்

மன்னர் ஆண்ட காலத்தைக் கல்வெட்டுகள் குறித்து வைத்தன; அவர் பொருத போர்களைப் புறப்பாடல்கள் காத்து வைத்தன. தெருவில் ஆடிய சிறுவர் சிறுமியரின் வரலாற்றைக் காத்து வைத்தது எது? பொம்மை உடைந்துபோகும்; மணல்வீடு மழையில் கரைந்துபோகும். எனினும் தமிழர் இவ்வகையில் பேறு பெற்றோர் என்றே கூறலாம். நம் பழம்பாடல்களில் குழந்தை விளையாட்டுகள் பெயரோடும் முறையோடும் இடம்பெற்றுள்ளன. மும்பை மாநகரில் குடியேறி வாழும் நாம் இளமையில் கையாண்ட ஆடுபொருள்களை நினைவுகூரும்போது, ஈராயிரம் ஆண்டு மரபொன்றையே நினைவுகூர்கிறோம்.

முதற்கண் சிறுதேரைக் காண்போம். தச்சன் செய்த சிறிய தேரில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்து மகிழும் சிறுவரைக் குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் உவமையாகக் காட்டுகிறார். தேர் உருட்டிய களைப்புத் தீரச் செவிலியிடம் பாலுண்டு உறங்கும் புதல்வரைப் பெரும்பாணாற்றுப்படையில் காண்கிறோம். காவிரிப்பூம்பட்டினத்தில், காயும் நெல்லைத் தின்ன வந்த கோழியை ஓட்ட மகளிர் எறிந்த காதணி, சிறுவர் உருட்டிவரும் மூன்று கால் தேரை மறித்துக் கிடந்ததெனப் பட்டினப்பாலை பாடுகிறது. தென்பாண்டிச் சீமையில் பிறந்த நம்மவர் பலர், நுங்கெடுத்த பனங்காய்க் கூடுகள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கொம்பால் தள்ளிக்கொண்டு ஓடியவர்களே. தச்சனுக்குக் கூலி கொடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பனைமரமே தேர் செய்து கொடுத்தது.

சிறுமியர் ஆடிய கழங்கோ இன்னும் ஆழ்ந்த செய்தி உடையது. கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்தபோது, ஆலத்தூர் கிழார் அவனைப் போர் தவிர்க்கத் தூண்டிப் பாடிய பாடல் புறநானூற்றில் 36ஆவதாக உள்ளது. ஆன்பொருநை ஆற்றின் வெண்மணல் சிதறப் பொற்கழங்கு ஆடும் மகளிர் அதில் வருகின்றனர். அதே பாடலில் காவல்மரங்களை வெட்டும் கோடரியின் ஓசையும் கேட்கிறது. முற்றுகையின் நடுவே அவ்விளையாட்டைப் புலவர் நினைத்தார் என்பது எண்ணியெண்ணி வியக்கத்தக்கது. போரால் அழியக்கூடியவற்றுள் இதுவும் ஒன்றென்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

மணலிற் சிற்றில் இழைத்தலும் அதனைச் சிறுவர் சிதைத்தலும் கலித்தொகையில் உண்டு. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் உண்டு. பிள்ளைத்தமிழ் இலக்கணம் ஆண்பாற் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாற் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் பருவங்களை வகுத்தது. மாணிக்கவாசகர் அம்மானை, சாழல், பொன்னூசல் ஆகிய ஆட்டங்களின் பெயராலேயே பதிகங்கள் பாடினார். விளையாட்டைச் சிறுமையெனத் தள்ளாது இலக்கியத்தின் உறுப்பாகவே ஏற்ற சான்றோர் மரபு நம்முடையது.

மண்ணும் இதற்குச் சான்று பகர்கிறது. 2014-15இல் தொடங்கிய கீழடி அகழாய்வில், பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன; ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்தன. பாண்டி ஆடுவதற்காக ஓட்டுத் துண்டைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து நாம் வட்டமாக்கியது நினைவிற்கு வருகிறதன்றோ?

இனி, நாம் வாழும் மண்ணுக்கு வருவோம். கழங்கு என்பது கழற்சிக்காய்க்கும் பெயர். அதனைக் கொண்டு ஆடியதால் ஆட்டமும் அப்பெயர் பெற்றது. மராட்டியச் சிறுமியர் அதே காயைக் கொண்டு ஆடும் ஆட்டம் 'சாகர்கோட்டே' எனப்படும். அக்காய்க்கும் அங்கு அதுவே பெயர். காயின் பெயரே ஆட்டத்தின் பெயரான முறை இரு மொழியிலும் ஒன்றாயிருத்தல் காண்க. நம் கிட்டிப்புள் இங்கே விட்டி-தாண்டு. நம் சடுகுடு இங்கே ஹுதுதூ. நம் சிறுமியர் சிறுசோறு ஆக்கியதுபோல் இங்குள்ளோர் 'பாதுகலி' ஆடுகின்றனர். அப்பெயரிலும் சோற்றின் ஒலி கேட்கிறது. அம்பாசமுத்திரத்து மரச்செப்புகளைப் போலவே கொங்கணத்துச் சாவந்த்வாடியிலும் மரத்தைக் கடைந்து வண்ணம் தீட்டிய பொம்மைகள் செய்யப்படுகின்றன. ஆகவே மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் நம் பிள்ளைகள் அயலார் பிள்ளைகளோடு கூடி ஆடியபோது, அவர்கள் அந்நிய ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்று வருந்தவேண்டுவதில்லை. பாட்டனார் ஆடிய ஆட்டத்தையே வேறு பெயரால் ஆடினார்கள்.

இழப்பு ஆட்டத்தில் இல்லை; பெயரில் உள்ளது. பல்லாங்குழியில், ஒரு குழியில் நான்கு முத்துகள் சேர்ந்தால் அதனைப் 'பசு' என்று சொல்லி எடுத்துக்கொள்வோம். இப்பொருள் பாடநூலில் பயிலும் பொருள் அன்று. பாட்டியின் எதிரே அமர்ந்து, இரண்டு பசு இழந்து, மூன்று பசு வென்றால்தான் அச்சொல் நாவில் தங்கும். கைப்பேசித் திரையிலும் இன்று பல்லாங்குழி ஆடலாம். ஆனால் தவறாக முத்து இட்டவுடன் கையைப் பிடித்து, "எண்ணிப் போடு கண்ணே" என்று சொல்ல அத்திரைக்குத் தெரியாது. தமிழ் எழுத்து அறியாத பேரக்குழந்தையும் புளியங்கொட்டையை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணி இடும்போது, தமிழ் எண்களைத் தானறியாமலே கற்றுவிடுகிறது. சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் செல்லுமுன் நாமும் அவ்வாறே கற்றோம்.

நற்றிணையின் 172ஆம் பாடலில், தோழியரோடு ஆடும்போது மணலில் அழுத்தி மறந்துவிட்ட புன்னை விதை முளைத்து மரமாகிறது. நெய்யும் பாலும் ஊட்டி வளர்த்த அம்மரத்தை மகளின் தங்கை என்றே தாய் கூறுகிறாள். விளையாட்டில் விழுந்த விதை உறவாக வளரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் வைத்துக் கொணர்ந்த பல்லாங்குழிப் பலகையும் மரப்பாச்சியும் நம் இல்லங்கள் பலவற்றில் பரண்மீது துயில்கின்றன. ஆண்டுக்கொருமுறை கொலுப்படியில் மட்டும் விழிக்கின்றன. அவற்றைக் கீழே இறக்குவோம். அடுத்த வீட்டு மராட்டியக் குழந்தையையும் அழைத்து அமர்த்துவோம். சாகர்கோட்டே என்று அவள் சொல்லட்டும். கழங்கு என்று நம் குழந்தை சொல்லட்டும். இரு பெயரும் அறிந்த கைகள் அக்காய்களை வீசட்டும்.