துரைக்கு வழுவமைதி, நமக்குச் சிவப்பு மை

"இங்கே வா!" இது ஒரு புத்தகத்தோட பேர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் அச்சான கையேடு. ஏ.எம். பேர்கசன் எழுதியது. முழுத் தலைப்பையும் தமிழில் சொன்னா, "இங்கே வா! அல்லது சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி" என்று வரும். இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் கப்பலில் வந்து இறங்கி, கண்டி மலைகளில் கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் அனுப்பப்பட்ட இளம் துரைமாருக்காக எழுதப்பட்ட புத்தகம் அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே தேவைக்கு இன்னொரு புத்தகம் வந்தது. டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் எழுதிய அந்தப் புத்தகத்தின் பேரே "கூலித் தமிழ்".

இந்த ரெண்டு புத்தகத்தையும் மொழிப்பாடப் புத்தகமா எடுத்துப் பார்த்தா ஒரு விசயம் பளிச்சென்று தெரியும். தமிழை ரோமன் எழுத்தில்தான் எழுதியிருப்பாங்க. தோட்டத்துச் சனம் வாயில் எப்படி வருதோ அப்படியே சொல்லித் தருவாங்க. நன்னூல் படிச்சிட்டு வா என்று எந்தத் துரையையும் யாரும் சொல்லவில்லை. ஆள் கூப்பிடணும், வேலை சொல்லணும், கணக்குக் கேட்கணும். அதுக்கு எது தேவையோ அதை மட்டும் படிச்சா போதும். இன்றைக்கு மொழி கற்பித்தலில் பெரிசா பேசப்படுகிற "அன்றாடப் பயன்பாட்டு வழி" முறையை, பேர் தெரியாமலே 100 வருசத்துக்கு முன்னாடி எங்க மலையில் செய்து காட்டியவங்க துரைமார்தான்.

அதே தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை இங்கிலீஷ் படிச்ச கதை இதுக்கு நேர்மாறு.

லயத்துப் பிள்ளையின் இங்கிலீஷ்

ஹுன்னஸ்கிரிய கண்டி–மஹியங்கனை வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஓரத்தில் இருக்கிற சின்ன டவுன். இங்கேயிருந்து மீமுரைக்குப் போற பாதையில் ஒரு கணவாய்க்கு இன்னும் "கோர்பட்ஸ் கெப்" என்றுதான் பேர். துரைமார் போய்விட்டார்கள், அவர்களின் சொல் போகவில்லை. வாய்மொழியும் அப்படித்தான். "லைன்" லயம் ஆச்சு. "பரேட்"தான் பிரட்டு ஆனது என்பார்கள். செக்ரோல், டிவிசன், பெக்டரி எல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் வாயிலும் சரளமா வரும். இங்கிலீஷ் எங்க மலைக்குப் புதுசு இல்லை. அது பாடமாக வந்ததுதான் ரொம்பப் பிந்தி.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டங்களில் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. தாய்மொழிக் கல்வி என்று கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதே காலத்தில் கண்டியிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடங்களில் படித்தார்கள். உத்தியோகம் இங்கிலீஷில் இருந்தது, கோர்ட் இங்கிலீஷில் இருந்தது, தோட்டத்துக் கந்தோரும் இங்கிலீஷில்தான் இருந்தது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் அந்த ஓட்டத்துக்கு வெளியேதான் நின்றன. 1948இல் குடியுரிமையும் பறிபோனது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானதோடு சேர்த்துத்தான் தோட்டப் பாடசாலைகள் தேசிய கல்வி முறைக்குள் வரத் தொடங்கின.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் பாராளுமன்றம் போனார். மலையக மக்களின் வாழ்க்கையை இங்கிலீஷில் கவிதையாகவும் எழுதினார். துரையின் மொழியில் லயத்தின் கதையைச் சொன்னவர் அவர். ஆனா ஒரு சி.வி. வந்ததை வைத்து எல்லாப் பிள்ளைக்கும் வழி திறந்திருந்தது என்று சொல்ல முடியாது.

கடைசியில் பாடசாலைக்குள் வந்த இங்கிலீஷ் எந்த உருவத்தில் வந்தது? "டென்ஸ்" அட்டவணையாக. "எக்டிவ் வொய்ஸ், பெசிவ் வொய்ஸ்" மாற்றமாக. "ஹீ" வந்தா வினைச்சொல்லோடு "எஸ்" சேர்க்கணும் என்கிற விதியாக. பத்து வருசம் அதைப் படிச்ச பிள்ளை, கண்டி டவுனில் ஒரு வெளிநாட்டுக்காரர் வழி கேட்டா பக்கத்தில் நிற்கிறவங்களைப் பார்க்கும். வழி தெரியாமல் இல்லை. வாயைத் திறந்தா பிழை வந்துடும் என்கிற பயம்.

துரைக்கு அந்தப் பயம் இல்லை. அவர் "நீ நாளைக்கு வேலை வர்றது இல்லை?" என்று உடைச்சுப் பேசினாலும் பிரட்டில் நின்ற யாரும் சிரிக்க முடியாது.

இந்த விதிகளை யார் போட்டது?

நாம மனப்பாடம் பண்ணுகிற இங்கிலீஷ் விதிகள் ஏதோ ஆதிகாலத்திலிருந்தே இருக்கு என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒரு வசனத்தை முன்னிடைச் சொல்லில் முடிக்கக் கூடாது என்கிற கதை, 1672இல் ஜோன் டிரைடன் தனக்கு முந்திய பென் ஜோன்சனிடம் கண்டுபிடித்த குறையிலிருந்து தொடங்குகிறது. 1762இல் ரொபர்ட் லௌத் என்ற பாதிரியார் ஒரு சின்ன இலக்கண நூல் எழுதினார். அதில் அவரும் இந்தப் பழக்கத்தைப் பற்றி எச்சரித்தார். வேடிக்கை என்னன்னா, அந்த எச்சரிக்கை வசனத்தையே அவர் ஒரு முன்னிடைச் சொல்லில்தான் முடித்திருக்கிறார். ரெண்டு எதிர்மறை சேர்ந்தா உடன்பாடாகிவிடும் என்கிற விதியைப் பரப்பியதிலும் லௌத்துக்குப் பங்கு உண்டு. ஷேக்ஸ்பியர் அழுத்தத்துக்காக இரட்டை எதிர்மறையைத் தாராளமாகப் பயன்படுத்தியவர்.

1795இல் லின்ட்லி மரே எழுதிய இலக்கணம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவியது. இங்கிலாந்தில் அப்போது நடுத்தர வர்க்கம் வளர்ந்துகொண்டிருந்தது. "பெரிய இடத்து" இங்கிலீஷைக் கற்றுக்கொண்டு மேலே போக நினைத்தவர்களுக்கு விதிப்புத்தகம் தேவைப்பட்டது. ஆக, விதிகளில் ஒரு பகுதி மொழி எப்படி இயங்குது என்கிற உண்மை. இன்னொரு பகுதி, யார் உள்ளே யார் வெளியே என்று பிரிக்கிற படலை. ரெண்டையும் ஒரே புத்தகத்தில் கட்டி நம்ம கையில் தந்துவிட்டார்கள்.

கடுவ

அந்தப் படலை இலங்கையில் என்ன செய்தது என்பதற்குச் சிங்களத்தில் ஒரே ஒரு சொல் போதும்: "கடுவ". வாள் என்று பொருள். பேராதனை வளாகத்தில் மாணவர்கள் இங்கிலீஷுக்கு வைத்த பட்டப்பேர். 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது. 1960களின் தொடக்கத்திலிருந்து சுயபாஷையில் படித்த கிராமத்துப் பிள்ளைகள் கலைப்பீடத்துக்குள் வந்தார்கள். பட்டம் கையில் கிடைத்தும், வேலை என்று வரும்போது இங்கிலீஷ் தெரிந்தவர் அந்த வாளால் வெட்டிவிட்டுப் போனார். பேராதனையில் கற்பித்த திரு கந்தையா 1984இல் இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலீஷ் இங்கே ஒரு மொழி மட்டுமல்ல, ஆயுதமும்தான் என்பது அதன் சாரம்.

வாள் வெட்டுகிற இடம் பெரும்பாலும் உச்சரிப்பு. "நொட் பொட் இங்கிலீஷ்" என்று ஒரு நக்கல் உண்டு, நீங்களும் கேட்டிருப்பீங்க. ஓர் உயிரொலியைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னாலே ஆளின் ஊர், பள்ளிக்கூடம், அப்பாவின் தொழில் எல்லாம் எடை போடப்பட்டுவிடும்.

"எங்கள் முறையில்" என்றால் எவர் முறை?

இந்த வாளை மழுங்கடிக்க முயற்சிகள் நடந்தன. எச்.ஏ. பாசே 1948இலேயே இலங்கையின் இங்கிலீஷைப் பற்றி லண்டனில் ஆய்வேடு எழுதினார். பிறகு வந்த ஆய்வாளர்கள், இது பிழையான இங்கிலீஷ் இல்லை, தனக்கென்று ஒழுங்குள்ள இலங்கை இங்கிலீஷ் என்று வாதிட்டார்கள். 2007இல் மைக்கேல் மெய்லர் இலங்கை இங்கிலீஷுக்கு ஒரு அகராதியே போட்டார்.

யோசித்துப் பாருங்க. நாம பஸ்ஸுக்கு நிற்கிற இடம் "பஸ் ஹோல்ட்". லண்டனில் அப்படிச் சொல்ல மாட்டாங்க. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற ரோல்ஸும் பெட்டிஸும் "ஷோர்ட் ஈட்ஸ்". "யூ ஆர் கமிங், நோ?" என்று கேட்கும்போது அந்த "நோ"வுக்குள் நம்ம "தானே"யும் சிங்களத்து "நே"யும் உட்கார்ந்திருக்கு. "ஸ்மோல் ஸ்மோல் திங்ஸ்" என்பது நம்ம "சின்னச் சின்ன" தான். இதெல்லாம் தெரியாத்தனம் இல்லை. ஒரு மொழி புது ஊரில் குடியேறினால் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடத்தான் செய்யும்.

2009ஐ அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்தது. இங்கிலீஷை "எங்கள் முறையில் பேசுவோம்" என்பது அப்போதைய முழக்கம். இலக்கணத்தை விடு, உச்சரிப்பை விடு, வாயைத் திற என்பதுதான் செய்தி. பத்திரிகைகளில் பெரிய சண்டை நடந்தது. தரம் கெட்டுவிடும் என்றார்கள் ஒரு பக்கம். காலனித்துவத்திலிருந்து விடுதலை என்றார்கள் மறுபக்கம்.

ஆனா இன்னொரு கேள்வி இருக்கு. அர்ஜுன பராக்கிரம 1995இல் வெளியான தன் நூலில், மொழித் தரம் என்பதே அதிகாரத்தின் ஏற்பாடு என்று வாதிட்டார். அந்தக் கண்ணால் பார்த்தா, இலங்கை இங்கிலீஷ் என்று மதிக்கப்படுவதும் பெரும்பாலும் கொழும்பில் இங்கிலீஷ் பேசுகிற வீடுகளின் இங்கிலீஷ்தான். கொழும்பு ஆன்ட்டி "வட் டு டூ, மென்?" என்றால் அது இலங்கை இங்கிலீஷ், ரசனை. ஹுன்னஸ்கிரியப் பிள்ளை "ஐ ஆம் நேற்று கோயிங்" என்றால் அது பிழை, சிவப்பு மை.

இலக்கணத்தைக் கேட்ட மாணவர்கள்

அப்ப இலக்கணத்தைத் தூக்கி எறிஞ்சிடலாமா? இங்கேதான் கதை சிக்கலாகுது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட தன் நூலில் போர்க்கால யாழ்ப்பாண வகுப்பறையைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே பயன்பட்டது அமெரிக்கப் பாடநூல். உரையாடல், சூழ்நிலை, படம் என்று போகும். மாணவர்களோ அதில் ஒட்டவில்லை. புத்தக ஓரங்களில் தங்களுக்குப் பிடித்த படங்களையும் வரிகளையும் கிறுக்கினார்கள். ஆசிரியரிடம் கேட்டது இலக்கணம். முன்னேறிய நாட்டு முறை பேச்சைத் தருது, இவர்கள் விதியைக் கேட்கிறார்கள்.

அவர்கள் பழமைவாதிகள் இல்லை. பரீட்சை விதியைக் கேட்குது, வேலைக்கான விண்ணப்பம் விதியைக் கேட்குது. விதி, ஏழை மாணவருக்குத் தனியா உட்கார்ந்து படிக்கக்கூடிய ஒரே பொருள். வீட்டில் இங்கிலீஷ் பேச ஆள் இல்லாத பிள்ளைக்கு "பேசிப் பேசிப் படி" என்று சொல்றது, கிணறு இல்லாத வீட்டில் வாளியைக் கொடுக்கிற மாதிரி. துரை "கூலித் தமிழை" இலகுவாகப் படித்ததற்குக் காரணம் புத்தகம் மட்டும் இல்லை. காலையில் எழும்பினா அவரைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஆட்கள் தமிழ் பேசினார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அன்றாடப் பேச்சு மட்டும் போதும் என்று படித்த துரையின் தமிழ் எப்படி இருந்தது? "இங்கே வா." வாங்க இல்லை, வா. நம்ம மொழியில் மரியாதை வினைமுற்றில் இருக்கு. அவருக்குத் தேவைப்பட்டது ஏவல், அதனால் ஏவலைப் படித்தார். "பயன்பாடு" என்று சொல்லும்போது யாருடைய பயன் என்று கேட்காவிட்டால், அதுவும் இன்னொரு வாள்தான்.

1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சில பாடசாலைகளில் ஒரு திட்டம் நடத்தினார். விதியைச் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்தார்: ரயில் நேர அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடிக்கிற மாதிரி. கவனம் பொருளில் இருக்கும்போது வடிவம் தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. முக்கியமான விசயம், இது சாதாரணப் பாடசாலைகளில் நடந்தது. பேச வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைக்கு, ஆளை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். சும்மா அரட்டை இல்லை, மூளைக்கு வேலை. கண்டி–மஹியங்கனை பஸ் நேர அட்டவணை ஒன்று போதும், இதை ஹுன்னஸ்கிரியவில் நாளைக்கே தொடங்கலாம்.

நம்மிடம் ஏற்கனவே ஒரு சொல் இருக்கு

இந்தச் சண்டைக்குத் தமிழ் இலக்கணம் எப்பவோ ஒரு வழி வைத்திருக்கு. தொல்காப்பியப் பாயிரம், அந்த நூல் வழக்கையும் செய்யுளையும் பார்த்துச் செய்யப்பட்டது என்கிறது. சனம் பேசுறதும் இலக்கணத்துக்கு மூலம். "இல்முன்" என்று வரவேண்டியது "முன்றில்" என்று தலைகீழாக வந்தபோது, அதைப் பிழை என்று வெட்டாமல் இலக்கணப் போலி என்று பேர் வைத்து ஏற்றுக்கொண்டார்கள். தஞ்சாவூர் தஞ்சையானால் மரூஉ. பசுவைப் பார்த்து "என் அம்மா வந்துட்டா" என்றால் திணை பிழைத்தது. ஆனா அன்பினால் சொன்னதால் அது வழுவமைதி. வழு என்று தெரியும், காரணம் புரியும், அதனால் அமைதி.

உயர்தரத்தில் தமிழ் படித்த எல்லோருக்கும் இது தெரியும். அதே பிள்ளை அடுத்த பாடவேளையில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனால் வழாநிலை, வழு என்று ரெண்டே பெட்டிதான். மூன்றாவது பெட்டி கிடையாது.

என் வாதம் இவ்வளவுதான். இலக்கணம் வேண்டும், ஏன்னா படலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க இன்னும் அதைத்தான் கேட்கிறார்கள். அதை மறைக்கிறது பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம். ஆனா விதியைச் சொல்லும்போது, இது மொழியின் எலும்பு, இது லௌத் காலத்து நாகரிகம், இது பரீட்சைக்கு மட்டும் என்று பிரித்துச் சொல்லணும். பேசும்போது வருகிற பிழையை உடனே வெட்டாமல் கடைசி வரை பேச விடணும். எழுதும்போது திருத்தலாம்.

இந்த நாட்டில் இங்கிலீஷை உடைத்துப் பேசும் உரிமை வசதியுள்ளவர்களுக்கு எப்பவும் இருந்தது. தமிழை உடைத்துப் பேசும் உரிமை துரைக்கு இருந்தது. வழுவமைதி என்பது இதுவரை பதவிக்குக் கொடுத்த சலுகை. அது லயத்துப் பிள்ளைக்கும் கிடைக்கிற நாளில்தான் "எங்கள் முறை" என்கிற சொல்லில் நாங்களும் இருப்போம்.