இடம்பெயர்ந்த பாடசாலைகள்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் போரும் கல்வியும் (1990 – 2016)

திறவுச்சொற்கள்: யாழ்ப்பாணம், இடப்பெயர்வு, பாடசாலை, ஆசிரியர், பொதுத்தேர்வு

முன்னுரை

போர்க்காலக் கல்வி இழப்பை இடிந்த கட்டடங்களைக் கொண்டு அளவிடுவது வழக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பட்டறிவு இதனினும் சிக்கலானது. அங்குச் சில பாடசாலைகள் கட்டடத்தை இழந்த பின்னரும் பெயர், அதிபர், ஆசிரியர், வரவுப் பதிவேடு ஆகியவற்றுடன் வேறிடங்களில் இயங்கின. வேறு சிலவோ அறவே செயலிழந்தன. இவ்வேறுபாட்டின் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

இடம்பெயர்ந்தும் இயங்கியவை

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, பலாலிப் படைத்தளத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினர். 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை நிறுவிய தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி, காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி முதலியனவும் இடம்பெயர்ந்தன. இத்தகைய பாடசாலைகள் பலவற்றிற்குக் கொட்டில்களும் பிற பாடசாலைகளின் மாலை நேரமுமே கிடைத்தன. பாடவேளை சுருங்கியது, ஆய்வுகூடம் இல்லாமையால் அறிவியற் கல்வி நலிந்தது. கற்பித்த ஆசிரியர்களும் வீடிழந்தோரே.

அரசின் இருமுகம்

1995 வரை குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. எனினும் ஆசிரியர் ஊதியத்தைக் கொழும்பு அரசே வழங்கியது. பொதுத்தேர்வுகளை நடத்தியதும் அதன் பரீட்சைத் திணைக்களமே. அதே அரசின் பொருளாதாரத் தடை மண்ணெண்ணெயையும் மின்கலத்தையும் அரிதாக்கியது. மின்சாரமற்ற வீடுகளில் போத்தல் விளக்கொளியில் பயின்ற மாணவர், கொழும்புத் தமிழ் மாணவர் எழுதிய அதே வினாத்தாளையே எழுதினர். சமமற்ற சூழலில் நிகழ்ந்த இத்தேர்வே, பாடத்திட்டமும் வகுப்பொழுங்கும் குலையாமல் காத்தது என்பது கருதத்தக்கது.

தொடர்ச்சி அறுந்த தருணங்கள்

1995 செப்டம்பர் 22 அன்று நாகர்கோவில் பாடசாலைப் பகுதியில் விமானப்படை வீசிய குண்டுகளால் மாணவர்கள் உயிரிழந்தனர். அக்டோபர் 30 அன்று வலிகாமம் மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சியை நோக்கி வெளியேறினர். அங்கிருந்த பாடசாலைகள் ஏதிலிகளின் உறைவிடங்களாயின. அடைக்கலம் தந்த இடமே வகுப்பறை என்பதால், ஒரு தேவை நிறைவேற மற்றொன்று நின்றது.

இதற்கு முன்னரே, 1990 அக்டோபரில், விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணம் ஒஸ்மானியாக் கல்லூரி செயலிழந்தது. அதன் சமூகத்தினர் புத்தளம் முதலிய தொலைவிடங்களில் சிதறினர். பிள்ளைகள் பிற பாடசாலைகளில் சேர்ந்தனர். மகாஜனக் கல்லூரியின் மாணவரும் ஆசிரியரும் அண்மை ஊர்களிலேயே தங்கியமையால், அக்கல்லூரியை மீண்டும் கூட்ட இயன்றது. ஒஸ்மானியாவிற்கு அவ்வாய்ப்பு இல்லை.

முடிவுரை

பாடசாலையின் நிலைபேறு கட்டடத்தைக் காட்டிலும், இடம்பெயர்ந்த சமூகம் ஒன்றுகூடி வாழ இயன்ற தொலைவையே பெரிதும் சார்ந்திருந்தது என்பது இவ்வொப்பீட்டால் புலனாகிறது. நடேஸ்வராக் கல்லூரியின் வளாகம் 26 ஆண்டுகளுக்குப் பின், 2016இல் விடுவிக்கப்பட்டது. 1990இல் முதல் வகுப்பிலிருந்த பிள்ளை அதற்குள் முப்பது வயதைக் கடந்திருக்கும். வளாகத்தை மீட்டளிக்க இயலும். ஒரு தலைமுறையின் பள்ளிப் பருவத்தை மீட்டளிக்க இயலாது. எனவே, மீள்குடியேற்றக் காலக் கல்வி வரலாறு, திரும்பிய பாடசாலைகளோடு திரும்பாத மாணவர்களையும் ஆசிரியர்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.