தொழிலாளர் இன்ஷூரன்ஸ் பிறந்த கதை

பரிதாபாத்திலும் சூரத்திலும் பெங்களூரிலும் ஆலைகளில் பணிபுரியும் நம்மவர் அனைவரும் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டிருப்பர். ஹிந்தியில் 'கர்மசாரி ராஜ்ய பீமா நிகம்' என்று அதில் எழுதியிருக்கும். தமிழில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் என்பர். பேச்சு வழக்கிலோ ஈ.எஸ்.ஐ. என்ற மூன்றெழுத்தே போதும். 'ராஜ்ய' என்ற சொல்லைக் கண்டு, இது அந்தந்த ராஜ்ய சர்க்காரின் ஏற்பாடு என்றும், தாம் வேற்று ராஜ்யத்தார் ஆதலால் தமக்கு இதில் பாத்தியதை இல்லை என்றும் எண்ணிவிடுவோர் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தச் சொல் எப்போதும் உறுத்துவதுண்டு. இங்கே அது குறிப்பது ஒரு பிரதேசத்தை அன்று. தனியார் கம்பெனி நடத்தாமல் அரசே பொறுப்பேற்று நடத்தும் இன்ஷூரன்ஸ் என்பதே அதன் பொருள். குறைந்த ஊதியம் பெறும் தொழிலாளியின் நோய்க்கு அவனை வேலைக்கு வைத்திருப்பவரும் பணம் செலுத்த வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டில் எவ்வாறு சட்டமாயிற்று என்பது, பலரும் அறியாத ஒரு வரலாறு.

கொள்கை ஐரோப்பாவில் பிறந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883ஆம் ஆண்டில் நோய்க் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரிட்டனில் லாயிட் ஜார்ஜ் 1911ஆம் ஆண்டில் அதைப் பின்பற்றினார். முதலாளி ஒரு பங்கு, தொழிலாளி ஒரு பங்கு. நோயுற்றால் மருந்தும் கிடைக்கும், வேலையிழந்த நாட்களுக்கு ஓரளவு பணமும் கிடைக்கும். பிரிட்டன் தன் தொழிலாளருக்கு இதைச் செய்துகொண்டபின், அதன் ஆட்சியிலிருந்த இந்தியத் தொழிலாளர் முப்பத்தேழு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அந்த இடைக்காலத்தில் நமக்கு இருந்தவை இரண்டு. யந்திரத்தில் கை போனால் நஷ்டஈடு தரும் 1923ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. பம்பாயில் 1929இலும் சென்னை மாகாணத்தில் 1934இலும் இயற்றப்பட்ட பிரசவகாலச் சகாயச் சட்டங்கள் மற்றொன்று. இவை இரண்டிலும் பாரம் முழுவதும் தனித்தனி முதலாளியின் தலைமீதே விழுந்தது. ஆகவே விபத்தை மறைப்பதும், கர்ப்பிணிப் பெண்ணை முன்கூட்டியே வேலையிலிருந்து நிறுத்துவதும் முதலாளிக்கு ஆதாயமாக முடிந்தன. பாரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இன்ஷூரன்ஸில் இந்தத் தீய தூண்டுதல் பெரிதும் குறையும். காய்ச்சலுக்கும் காசநோய்க்கும் ஒரு சட்டமும் இல்லை. பத்து நாள் படுத்தால் பத்து நாள் கூலி போயிற்று. அப்புறம் இருக்கவே இருக்கிறார், ஆலை வாயிலில் நிற்கும் வட்டிக்காரர்.

1931இல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் கமிஷன் நோய்க் காப்பீட்டின் அவசியத்தை உணர்ந்திருந்தது. ஆயினும் காரியம் நகரவில்லை. நோய் பற்றிய புள்ளிவிவரம் போதாது, மருத்துவர்கள் போதாது, பணம் போதாது என்ற மூன்று காரணங்களும் மாறி மாறிக் கூறப்பட்டன. இரண்டாம் உலக யுத்தமே இதை அசைத்தது. யுத்தத் தளவாடங்களுக்காக ஆலைகள் இரவும் பகலும் ஓடின. 1942 டிசம்பரில் லண்டனில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கையின் புகழ் இங்கும் எட்டியது. அப்போது வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகா டாக்டர் அம்பேத்கரிடம் இருந்தது. 1943 மார்ச்சில் பேராசிரியர் பி. பி. அதார்க்கர் என்ற பொருளாதார அறிஞரை அரசாங்கம் இப்பணிக்கு நியமித்தது.

அதார்க்கரின் அறிக்கை 1944 ஆகஸ்டில் வந்தது. நெசவு, எஞ்சினீயரிங், கனிப்பொருள்-உலோகம் ஆகிய மூன்று தொழில்களில் முதலில் தொடங்கலாம் என்றார். காப்பீடு கட்டாயமானதாக இருக்க வேண்டும், இரு தரப்பாரும் பங்கு செலுத்த வேண்டும் என்றார். விருப்பமுள்ளோர் சேரலாம் என்று விட்டால் நோயாளிகளே சேருவர், நல்ல உடல்நிலை உள்ளோர் ஒதுங்குவர், நிதி வற்றிப்போகும். கட்டாயத்தின் காரணம் இதுவே. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் நிபுணர்களான ஸ்டாக், ராவ் என்னும் இருவர் 1945இல் அதைப் பரிசீலித்து, விபத்து நஷ்டஈட்டையும் பிரசவகால உதவியையும் இதனுடன் இணைத்து, ஆண்டு முழுவதும் நடக்கும் எல்லா ஆலைகளுக்கும் விரிவுபடுத்தச் சொன்னார்கள்.

அதே காலத்தில் வேறொரு குரலும் எழுந்தது. 1946இல் அறிக்கை தந்த போர் கமிட்டி, வைத்திய வசதி என்பது பணம் செலுத்த முடிந்தவர், முடியாதவர் என்ற பேதமின்றி எல்லோருக்கும் பொது வருவாயிலிருந்து கிட்ட வேண்டும் என்றது. டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் அக்கமிட்டியின் அங்கத்தினருள் ஒருவர். ஒரே தேசத்தில் ஆலைத் தொழிலாளிக்கு ஒரு ஆஸ்பத்திரி, வயல் கூலிக்கு வேறொன்று என்பது சரியா? இக்கேள்வி இன்றும் தீரவில்லை. எனினும் பொதுச் சுகாதாரத்துக்கு வேண்டிய பணத்தைச் சர்க்கார் திரட்டும் வரை ஆலைத் தொழிலாளியும் காத்திருக்கட்டும் என்று சொல்லியிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் கிடைத்திராது என்பதே என் அபிப்பிராயம்.

1946 நவம்பரில் மஸோதா கொண்டுவரப்பட்டபோது அதன் பெயரில் 'உழைப்பாளி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே இருந்தது. செலக்ட் கமிட்டி அதை மாற்றி, குமாஸ்தாக்களையும் உள்ளடக்கும் பரந்த சொல்லை வைத்தது. 1948 ஏப்ரல் 19ஆம் நாள் அது சட்டமாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் கழகத்தைத் தொடங்கிவைத்தவர், அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி.

கழகத்தின் முதல் டைரக்டர் ஜெனரல் டாக்டர் சூனிலால் கடியால் சுவாரசியமான மனிதர். லண்டனின் ஏழைப் பகுதியில் வைத்தியம் பார்த்தவர். 1931இல் காந்தியடிகளும் சார்லி சாப்ளினும் சந்தித்தது அவருடைய இல்லத்தில்தான். பின்ஸ்பரி என்ற தொழிலாளர் பகுதியில் 1938இல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற சுகாதார நிலையத்துக்கு உழைத்து, அவ்வாண்டிலேயே அந்நகரின் மேயரானார். பிரிட்டனில் மேயர் பதவி வகித்த முதல் தெற்காசியர் அவரே என்பர்.

சட்டம் வந்தும் திட்டம் வரவில்லை. கான்பூரிலும் டில்லியிலும் முதலில் நடத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. உடனே கான்பூர் முதலாளிகள் ஆட்சேபம் எழுப்பினார்கள். "எங்கள் ஆலைத் துணிக்கு மட்டும் இச்செலவு ஏறும், பம்பாய்த் துணியும் ஆமதாபாத் துணியும் அதே சந்தையில் எங்களைவிட மலிவாக விற்கும்" என்பது அவர்கள் வாதம். இதைச் சுயநலம் என்று எளிதில் தள்ளிவிட இயலாது. நல்லதை முதலில் செய்பவன் நஷ்டப்படுவான் என்றால் யார் முதலில் செய்ய முன்வருவார்? 1951ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. திட்டம் நடைமுறைக்கு வராத ஊர்களில் உள்ள முதலாளிகளும் மொத்தக் கூலிச் செலவில் நூற்றுக்கு முக்கால் பங்கு செலுத்த வேண்டும். திட்டம் வந்த ஊர்களில் ஒன்றேகால் பங்கு. தொழிலாளியோ, தன் ஊருக்குத் திட்டம் வந்த பிறகு செலுத்தினால் போதும். கோயம்புத்தூர் ஆலை முதலாளியும் இவ்விதம் கான்பூர் நெசவாளியின் நோய்க்குப் பங்கு செலுத்தினார். பாரத்தை நாடு முழுவதும் பரப்பிய இந்த ஏற்பாடு இல்லாவிடில் திட்டம் காகிதத்திலேயே நின்றிருக்கும்.

1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூர் பிரிஜேந்திர ஸ்வரூப் பூங்காவில் சுமார் 70,000 பேர் கூடிய கூட்டத்தில் நேருஜி ஹிந்தியில் பேசித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கௌரவ முறையில் முதல் அங்கத்தினராகத் தாமே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். இரு நகரங்களிலும் சேர்த்துக் காப்பீடு பெற்றவர்கள் 1,20,000 பேர். பம்பாய்க்கு 1954இலும், கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் 1955இலும் திட்டம் வந்தது.

தொடக்கத்தில் கிடைத்தவை சொற்பமே. மின்சக்தியால் இயங்கி, 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்கே திட்டம் பொருந்தியது. மாதம் 400 ரூபாய்க்கு உட்பட்ட ஊதியம் பெறுவோர்க்கே இடம். நாளொன்றுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைந்த கூலிக்காரர் தம் பங்கைச் செலுத்த வேண்டியதில்லை. முதலாளி மட்டும் செலுத்துவார். பங்குத் தொகைக்கு அடையாளமாக அட்டையில் முத்திரைத் தலை ஒட்டப்பட்டது. நோயுற்றால் ஏறக்குறையப் பாதிக் கூலி, அதுவும் ஆண்டில் 56 நாட்களுக்கே. பஞ்சுத் தூசியில் உழைப்போரை அன்று வாட்டிய காசநோய்க்கு 56 நாள் எம்மட்டு? நீண்டகால நோய்களுக்கு அதிகப்படியான உதவி பிற்பாடே சேர்க்கப்பட்டது. குடும்பத்தாருக்கு வைத்திய வசதி 1958 முதற்கொண்டு படிப்படியாக வந்தது. அதுவரை தொழிலாளிக்கு மருந்து உண்டு, வீட்டில் கிடக்கும் அவன் குழந்தைக்கு இல்லை.

ஆஸ்பத்திரிகளின் விஷயத்தில்தான் மனக்குறை மிகுதி. பணத்தைக் கழகம் வசூலித்தது. வைத்தியத்தை ராஜ்ய சர்க்கார்கள் நடத்தின. செலவில் எட்டில் ஏழு பங்கு கழகத்தினுடையது, ஒரு பங்கு ராஜ்யத்தினுடையது என்று பிற்காலத்தில் ஏற்பட்டது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் தனி டாக்டர்களைப் பட்டியலில் சேர்த்து அவர்களிடம் அனுப்பினார்கள். சென்னையிலும் கான்பூரிலும் மருந்தகங்களைத் திறந்தார்கள். எஜமானர் இருவர் ஆனபின் படுக்கை போதவில்லை என்ற புகாருக்குப் பொறுப்பாளி யார் என்பதே தெரியாமற் போயிற்று. 1963இல் சி. ஆர். பட்டாபிராமன் தலைமையில் அமைந்த மறுபரிசீலனைக் கமிட்டி இக்குறைகளை ஆராய்ந்து 1966இல் அறிக்கை தந்தது. குறைகள் குறைந்தனவே ஒழிய மறையவில்லை. வரிசையில் காத்து நின்று அரை நாள் கூலியை இழப்பவர் இன்றும் உளர்.

அதன் பிறகு வட்டம் விரிந்தது. ஊதிய வரம்பு 2010இல் 15,000 ரூபாய் ஆகி, 2017 முதல் 21,000 ரூபாய் ஆயிற்று. 2010ஆம் ஆண்டுத் திருத்தப்படி 10 பேர் உள்ள தொழிற்சாலையும் இதில் சேர்ந்தது. 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு நூற்றுக்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75 எனக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, நாளொன்றுக்குச் சராசரி 176 ரூபாய் வரை பெறுவோர் தம் பங்கைச் செலுத்தத் தேவையில்லை என்றும் விதித்தார்கள். ஒரு ரூபாய்க் கூலிக்காரருக்கு அன்று அளித்த சலுகையின் தொடர்ச்சி இது. காப்பீடு பெற்றோர் தொகை மூன்று கோடியைத் தாண்டியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம், 2020இல் பார்லிமெண்ட் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடக்கப்பட்டது.

பழைய சட்டத்தில் இரண்டு விதிகள் ஊர்விட்டு ஊர் வந்தோர் நினைவில் நிற்கத் தக்கவை. காண்டிராக்டர் மூலம் வேலைக்கு வந்தவனுக்கும் பங்குத் தொகை செலுத்தும் பொறுப்பு முதன்முதலில் ஆலையின் பிரதான முதலாளியையே சேரும். அவர் பிற்பாடு காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். தம்முடைய பங்கைத் தொழிலாளியின் கூலியில் பிடிக்க அவருக்கு உரிமை இல்லை. கூலியில் பிடித்த தொகையைக் கழகத்துக்குச் செலுத்தாமல் வைத்துக்கொள்வதை நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே சட்டம் கருதியது. காண்டிராக்டர் ஊரைவிட்டே போய்விட்டாலும் ஆலை ஊரைவிட்டுப் போய்விடாது என்று சட்டத்தை வகுத்தவர்கள் அறிந்திருந்தனர்.

நடைமுறையில் இடறுவது வேறிடத்தில். பெயர் பதிவாகாத தொழிலாளிக்கு இவற்றுள் எதுவும் எளிதில் கைக்கு எட்டாது. பதிவானவனுக்கு ஓர் எண் கிடைக்கிறது. ஆலை மாறினாலும், சூரத்திலிருந்து பெங்களூருக்குப் போனாலும், அந்த எண் மாறுவதில்லை; புதிய இடத்தில் அதையே கொடுத்துத் தொடரலாம். அதை விட்டுவிட்டு ஒவ்வோர் ஆலையிலும் புதிய எண் வாங்கியவர்களின் பழைய பங்குத் தொகைக் கணக்கு ஒரு பக்கமும் புதியது ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடக்கும். நோய் வந்த சமயத்தில், இத்தனை நாளைக்குச் செலுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறவில்லை என்று ஆபீஸில் சொல்லிவிடுவார்கள்.